மடியில் நழுவும் வாத்தியம்

என்னை முப்பத்திரண்டு லோரிகள் துரத்துகின்றன. கிள்ளானில் ஒரு கண்டெய்னர் லோரி டெப்போவில், வண்டிகளை எங்கே எப்போது அனுப்புவது என்று முடிவு செய்யும் வேலை எனக்கு. எந்த வண்டி துறைமுக வாசலில் நிற்கிறது, எது ஷா ஆலம் தொழிற்சாலையில் சரக்கு இறக்குகிறது, எது ஹைவே ஓரத்தில் டயர் வெடித்துக் கிடக்கிறது என்பதெல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மேசையில் இரண்டு போன். ஒரு டிரைவர், "அக்கா, இங்க கேட் கார்டு என்ன சொல்றான்னா..." என்று தொடங்கினால், அவர் மூச்சு விடுவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்திருப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதில் எனக்கு நல்ல பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதலாளி என்னைத்தான் காட்டுவார்.

அந்த நல்ல பெயரைக் கழற்றி டெப்போவிலேயே மாட்டிவிட்டு வரத் தெரியாமல், தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். எங்கள் வீட்டுப் பேச்சில் அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவேன். எங்களுக்கு ஒரே மகள். செமினியில் கல்லூரியில் படிக்கிறாள். முதல் வருடம் வீட்டிலிருந்தே போய்வந்தவள், போன வருடம் திடீரென்று அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். சொந்தக்காரர்களிடம் "ரொம்பத் தூரம், அதான்" என்றாள். என்னிடம் மட்டும், தலையணையைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்தபடியே உண்மையைச் சொன்னாள்.

"ம்மா, நான் ஒரு விஷயத்தச் சொல்ல ஆரம்பிச்சா நீயே முடிச்சிடற. அப்புறம் நான் எதுக்கு இங்க?"

அதற்கு நான் சொன்ன பதில் இன்றுவரை என்னைக் குத்துகிறது. "சரி சரி, சார்ஜர எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

அதன்பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவாள். தோளில் மாட்டிய பையை இறக்காமலே சாப்பாட்டு மேசையில் உட்காருவாள். கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் வரும். இரண்டு மணி நேரம் ஆனதும் கிளம்பிவிடுவாள். என் பிள்ளை என் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து போவதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். யார்மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாமல் பாத்திரங்களின்மேல் காட்டுவேன்.

இந்த நிலையில்தான் ஊட் என்ற தந்தி வாத்தியம் என் வாழ்க்கைக்குள் வந்தது. மகளுக்காகக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது பொய். கோபத்தில்தான் கற்றுக்கொள்ளப் போனேன்.

எங்கள் டெப்போவில் என்னோடு வேலை செய்யும் மலாய்ப் பெண் ஒருத்தி தன் தங்கை கல்யாண விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். பந்தலின் ஒரு மூலையில் நாலைந்து பேர் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண், பாதிப் பூசணிக்காயை வெட்டிக் கழுத்து வைத்தாற்போன்ற ஒன்றை மடியில் வைத்திருந்தாள். மலாய்க்காரர்கள் கம்புஸ் என்பார்களே, அந்த வகை. அவளோ இது அரபு ஊட் என்று பிறகு திருத்தினாள். நாலு சுரம் தட்டுவாள், நிறுத்துவாள். நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பாள். பந்தலில் யாருக்கும் அவசரமில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று மேசைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

விருந்து முடிந்ததும் அவளிடம் போய், இதைக் கற்றுக்கொள்ள எத்தனை நாளாகும் என்று கேட்டேன். அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே மலாயில் கேட்டாள். "காக், உங்களால உட்கார முடியுமா?"

காக் என்றால் அக்கா. மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பெரிய டெப்போவையே உட்கார்ந்த இடத்திலிருந்து நடத்துகிறவளைப் பார்த்து உட்கார முடியுமா என்றால்? அடுத்த சனிக்கிழமையே வகுப்பில் சேர்ந்தேன்.

ஷா ஆலத்தில் ஒரு கடை வரிசை. கீழே கார் கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டும் கடை, மேலே அவள் வகுப்பு. பழகுவதற்கென்று வைத்திருந்த ஊட் ஒன்றை எனக்கு இரவல் கொடுத்தாள். கையில் வாங்கினால் காற்றுப்போல் கனமே இல்லை. மடியில் வைத்ததும்தான் அதன் குணம் தெரிந்தது. முதுகு முழுவதும் உருண்டை. நானோ வழவழப்பான சுடிதார் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அது வழுக்கிக்கொண்டு முழங்காலை நோக்கிப் போனது. இடது கையால் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். மறுபடி போனது.

"இடது கை தூக்குறதுக்கு இல்ல, காக்," என்று என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். வாத்தியத்தைப் பிடித்துக்கொள்வது வலது முழங்கையின் வேலையாம். முன்கையால் அதை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அதே கையின் மணிக்கட்டு மட்டும் தளர்ந்து, ஒரு சாண் நீளமுள்ள, வளைந்து கொடுக்கும் ரீஷா என்ற பட்டைக் குச்சியால் தந்திகளைத் தட்ட வேண்டும். அணைக்கிற கை இறுகினால் தட்டுகிற மணிக்கட்டு விறைத்துப்போகும், மணிக்கட்டைத் தளர்த்தினால் ஊட் ஓடிப்போகும். இரண்டும் ஒரே கையில்.

"குழந்தைய வச்சிருப்பீங்கல்ல, அந்த மாதிரி," என்றாள்.

என் குழந்தையை நான் வைத்திருந்த மாதிரி எனக்குத்தானே தெரியும். இடுப்பில் அது, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். உட்கார்ந்து வைத்திருந்த ஞாபகமே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

இன்னொரு தொந்தரவு, விரலை எங்கே வைப்பது என்று பார்க்க முடியாது. வீணைக்கு மெட்டு உண்டு, கித்தாருக்குக் குறுக்குக் கம்பி உண்டு. இதன் கழுத்தில் ஒன்றும் கிடையாது, வெறும் வழுவழுப்பான கறுப்பு மரம். நான் அடிக்கடி ஊட்டின் முகத்தை வானம் பார்க்கச் சாய்த்து, எட்டிப் பார்த்துத் தந்தியைத் தேடுவேன். சாய்த்ததும் மணிக்கட்டு மடங்கும், சத்தம் செத்துப்போகும். அவள் வந்து நிமிர்த்துவாள். "பார்க்காதீங்க, கேளுங்க." அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் மறுபடி சாய்ப்பேன். லோரி எங்கே நிற்கிறது என்று திரையில் பார்த்துப் பழகியவள், கண்ணை எப்படி நம்பாமல் இருப்பது?

இதெல்லாம் போதாதென்று என் கால். அது தானாக ஆடும். கால் ஆடினால் தொடை ஆடும், தொடை ஆடினால் ஊட் நழுவும். கடைசியில் அவள் அடுக்களை அலமாரித் தட்டில் விரிக்கும் ஓட்டை ஓட்டையான ரப்பர் விரிப்பைக் கத்தரித்து, என் தொடையில் போட்டு, அதன்மேல் ஊட்டை வைத்தாள். நழுவுவது நின்றது. ஆடுவது நிற்கவில்லை.

வீட்டில் பழகினேன். வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். என் நாத்தனார் போனில், "கத்துக்கிறதுதான் கத்துக்கிற, வீணை கத்துக்கலாம்லா, கோயில்ல கிளாஸ் நடக்குதே," என்றார். நான் வீம்புக்கு இன்னும் கால் மணி நேரம் கூடுதலாகத் தட்டினேன். உள்ளூர எனக்கும் அலுப்புத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

நாலாவது வகுப்பில் அவள் ஒரு புதுப் பழக்கம் தொடங்கினாள். எதிரெதிரே உட்கார வேண்டும். அவள் நாலு சுரம் வாசிப்பாள். அதன் சத்தம் முழுவதும் அடங்கிய பிறகு அதையே நான் திருப்பி வாசிக்க வேண்டும். இது சுலபம் என்று நினைத்தேன். அவள் மூன்றாவது சுரத்தைத் தொடும்போதே நான் தொடங்கிவிட்டேன்.

"துங்கு, காக்." பொறுங்கள் என்றாள்.

மறுபடி வாசித்தாள். மறுபடி முந்திக்கொண்டேன். "எனக்குத்தான் தெரியுமே," என்று விளக்கம் வேறு சொன்னேன். நாலாவது சுரம் எதுவென்று அதற்குள் எனக்கு மனப்பாடம். திரும்பவும் வாசித்தாள். முதல் மூன்றும் அதேதான், நாலாவதை மட்டும் மாற்றினாள். நானோ அவள் முடிப்பதற்குள் பழைய நாலாவதைப் பெருமையாக வாசித்து வைத்தேன். அறையில் இரண்டு சத்தமும் மோதி ஒலித்தன.

"நான் வாசிச்சத நீங்க வாசிக்கல, காக்," என்றாள் மெதுவாக. "நீங்க நினைச்சத வாசிச்சீங்க."

முகம் சூடேறியது. எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி ஊட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். இவளுக்கு என்ன வயது, எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்று காரில் தனியாகத் திட்டினேன். திட்டிக்கொண்டே வந்து, பஸ் நிறுத்தம் ஒன்றின் எதிரே இருந்த சிக்னலில் நின்றேன்.

அந்தப் பஸ் நிறுத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்புக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவேன், தாண்டும்போது ஒரு பெருமையும் வரும். காரணம், எங்கள் குடும்பத்தில் நான் பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்த கதை ஒன்று. மகள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒருநாள் காலை பதினொரு மணிக்கு டெப்போவுக்குப் போன் செய்து அழுதாள். எனக்கு இரண்டு போனிலும் ஆள். "லொக்கேஷன் சொல்லு," என்றேன். அழுகை. "லொக்கேஷன் சொல்லு." மறுபடி அழுகை. மூன்றாவது தடவை கேட்டதும் இந்தப் பஸ் நிறுத்தத்தைச் சொன்னாள். "பத்து நிமிஷம்," என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் சரக்கு இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்த எங்கள் டிரைவர் ஒருவரைத் திருப்பிவிட்டேன். அத்தனை பெரிய லோரியின் முன்சீட்டில் மகளை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கினார். ஒன்பது நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது என்பதுதான் கதையின் உச்சம். எல்லோரும் கைதட்டிச் சிரிப்பார்கள். மகள் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். கூச்சம் என்று நினைத்துக்கொள்வேன்.

சிக்னல் பச்சைக்கு மாறியும் நான் நகரவில்லை. செமினியில் வகுப்பில் இருக்க வேண்டிய பெண் பதினொரு மணிக்கு இங்கே என்ன செய்துகொண்டிருந்தாள்? ஏன் அழுதாள்? ஒருநாளும் நான் கேட்டதில்லை. வண்டி அனுப்பியாயிற்று, ஆள் வந்தாயிற்று, வேலை முடிந்தது. டிரைவர்கூட அன்று போன் செய்து, "அக்கா, பாப்பாவ வீட்ல விட்டாச்சு. ஆனா ஒரு விஷயம்..." என்று இழுத்தார். "விட்டாச்சுல்ல? சரிண்ணே, அடுத்த லோடு துறைமுகத்துல இருக்கு, போங்க," என்றேன். பின்னால் கார்கள் ஹார்ன் அடித்தன.

ஓரமாக நிறுத்தி உடனே மகளுக்குப் போன் செய்தேன். உடனே செய்ததுதான் தப்பு.

"அன்னிக்கு ஷா ஆலம் பஸ் ஸ்டாப்ல ஏன் இருந்த? பரீட்சையா? பிரெண்டு கூடச் சண்டையா? எவனாவது ஏதாவது சொன்னானா?"

"நீயே மூணு பதில் வச்சிருக்கியேம்மா, ஒண்ண எடுத்துக்கோ," என்றாள். "எனக்குக் கிளாஸ் இருக்கு."

சனிக்கிழமை அவளுக்குக் கிளாஸ் கிடையாது. நான் ஸ்டீரிங்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதேன். பின்சீட்டில் ஊட் கறுப்புப் பைக்குள் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை வெட்கத்தை விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்து நாலு சுரம் வாசித்தாள். சத்தம் அடங்கக் காத்திருந்தேன். ஒரு தந்தியின் சத்தம் சாக எவ்வளவு நேரமாகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் மரத்துக்குள் கொஞ்சம் இருக்கும். அது வயிற்றில் தெரியும், ஏனென்றால் ஊட்டின் முதுகு அங்கேதான் ஒட்டியிருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு முள்மேல் இருப்பதுபோல. கால் தரையை உதைக்கும், நாக்கு எதையாவது சொல்லத் துடிக்கும். அப்படியே இருந்தேன். என் முறை வந்தபோது இரண்டு சுரம் பிசகியது. அவள் முதல்முறையாகத் தலையை ஆட்டினாள்.

டெப்போவிலும் முயன்று பார்த்தேன். ஒரு டிரைவர் துறைமுக வாசல் நெரிசலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கே போகவில்லை. அவர் சொல்லி முடித்தார். நான் மூச்சு விடும் அளவுக்குப் பொறுத்தேன். "அக்கா? லைன்ல இருக்கீங்களா?" என்றார் பதறிப்போய். மத்தியானத்துக்குள், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று டெப்போ முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

ஒன்றும் மாறிவிடவில்லை. பத்து அழைப்பில் ஒன்பதில் பழையபடி வெட்டினேன். வீட்டில் பழகும்போது இப்போதும் எழுந்து ஓடத் தோன்றும். மகள் அந்த மாதம் ஒரு ஞாயிறும் வரவில்லை. செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். அவளை ஒரேயடியாகத் தொலைத்துவிட்டேனோ என்று பயந்தேன். பயம் வந்தால் சும்மா இருக்க முடியாதவள் நான். போனை எடுப்பேன், வைப்பேன். எடுத்த கைக்கு வேலை கொடுக்க ஊட்டைத் தூக்குவேன்.

அப்படித் தூக்கிவைத்திருந்த ஒரு ஞாயிறு காலையில், சொல்லாமல் வந்து நின்றாள்.

நான் கூடத்து நாற்காலியில், வலது காலைச் சின்னப் பலகைமேல் வைத்து, எட்டுச் சுரங்கள் கொண்ட ஒரு பயிற்சியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது காதில் விழவில்லை. நிமிர்ந்தபோது எதிர் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தாள். தோளில் பை. வழக்கமாக இருந்தால் துள்ளி எழுந்து, சாப்பிட்டியா, ஏன் சொல்லல, தோசை ஊத்தவா என்று அடுக்களைக்குள்ளிருந்தே கத்தியிருப்பேன். ஆனால் ஊட் மடியில் இருந்தால் எழுவது ஒரு பெரிய வேலை. ரீஷாவை வைக்க வேண்டும், கழுத்தைப் பிடிக்க வேண்டும், பலகையிலிருந்து காலை எடுக்க வேண்டும். அதற்குள் அவள், "இதான் அதுவா? வாசி," என்றாள்.

வாசித்தேன். ஆறாவது சுரம் தப்பு. கடைசிச் சத்தம் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

"நீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லம்மா," என்றாள்.

ஏன், டெப்போவில் பத்து மணி நேரம் உட்கார்ந்துதானே இருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. முன்கையை அழுத்தி ஊட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். அன்று ஷா ஆலத்தில் ஒரு பகுதிநேர வேலைக்கு நேர்முகத் தேர்வு. என்னிடம் சொல்லாமல், வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வாசல்வரை போனதும் மூச்சு அடைத்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தாள். நெஞ்சு இறுகி, விரலெல்லாம் மரத்துப்போனது.

"செத்துருவேன்னு நினைச்சேம்மா. நெஜமா. அதான் உனக்குப் போன் பண்ணேன். எனக்கு வண்டி வேணாம். உன் குரல் வேணும்னு இருந்துச்சு. நீ லொக்கேஷன் கேட்ட."

என்னிடம் பதில்கள் வரிசைகட்டி நின்றன. எனக்கு எப்படிம்மா தெரியும், இரண்டு போனிலும் ஆள், அடுத்த தெருவில் நல்ல டாக்டர் இருக்கிறார், நாளைக்கே போகலாம். ஒவ்வொன்றையும் விழுங்கினேன். கால் ஆடியது. ரப்பர் விரிப்புமேல் ஊட் நழுவாமல் நின்றது.

"அந்த லோரி அண்ணன் தண்ணி வாங்கிக் குடுத்தாரு. என்னம்மா ஆச்சுன்னு கேட்டாரு. வழி பூரா அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தேன்."

அப்படியென்றால் இரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் என்னோடு பேசும் மனிதர். அன்று அவர் சொல்ல வந்ததும் அதுதான். அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், பேச்சு நின்றுபோகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது போன் அடித்தது. கைக்கெட்டும் தூரத்தில், மேசைமேல். ஞாயிறானாலும் துறைமுகத்துக்கு விடுமுறை இல்லை. மகள் பேச்சை நிறுத்தினாள். போனைப் பார்த்தாள். பிறகு பழக்கப்பட்டவளாக, பையின் வாரைச் சரிசெய்துகொண்டு எழத் தயாரானாள். எத்தனை தடவை இப்படிப் பாதியில் எழுந்து போயிருப்பாள் என்று அந்த ஒரு அசைவில் எனக்குத் தெரிந்தது.

நான் கையை எடுக்கவில்லை. போன் அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். அதற்குப் பிறகு மூன்று தடவை அப்படி வந்ததாம். ஒருதடவை பரீட்சை ஹாலில். கல்லூரியில் ஓர் ஆலோசகரைப் பார்க்கிறாளாம், இப்போது கொஞ்சம் பரவாயில்லையாம். சொல்லி முடித்து மௌனமானாள்.

அந்த மௌனத்தில் என் இதயம் அடிப்பது ஊட்டின் வெற்று வயிற்றுக்குள் கேட்பதுபோல் இருந்தது. முடிந்துவிட்டது, இப்போது பேசலாம் என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. பேசவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.

பிறகு கேட்டேன். "இன்னும் இருக்கா?"

"இருக்கு," என்றாள். பையைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தாள்.